பொடக்காலி வீட்டுக்கு ஒரு கூரை

1. தை மாதம் முடிவதற்குள் மகளுக்கு மறுபடியும் இழுப்பு வந்தது. இந்த முறை வீட்டில் நெபுலைசர் வைத்தும் அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

2. பஞ்சுத் தூசிதான் காரணம் என்றார் டாக்டர். வீட்டுக்குள் தையல் மெஷின் ஓடுகிறவரை இது நிற்காது என்றும் சொன்னார்.

3. மெஷின்களைக் கொண்டுபோக வேறு இடம் தேடினோம். எங்களுக்குக் கட்டுப்படியாகும் இடங்களில் மும்முனை மின் இணைப்பு இல்லை. விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள்.

4. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பில் குடியிருக்கும் என் அண்ணன், குழந்தையைத் தன்னிடம் விட்டுவிடச் சொன்னான்.

5. மாட்டேன் என்றேன்.

6. பள்ளிவிட்டு வந்ததிலிருந்து மெஷின் நிற்கிறவரை அவள் உள்ளே வராமல் இருப்பதற்காக, வீட்டின் பின்புறத்தில் அவளுக்கென்று ஒரு விளையாட்டு வீடு கட்டினோம்.

7. சுவர்கள் நின்றன. கூரைதான் நிற்க மாட்டேன் என்றது.

ஐந்தாவது வரிக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதை நானேதான் வைத்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "புடிவாதம் பண்ணாத அம்மணி. உனக்கு வேலை இருக்குது, மாப்பளைக்கு மெஷின் இருக்குது. கொழந்தைக்கு அங்க என்ன இருக்குது சொல்லு? தூசிதான் இருக்குது" என்றான். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் அவளுக்கு இன்னொரு முறை இழுப்பு வந்தால் நானே கொண்டுவந்து விடுகிறேன், வராவிட்டால் அவள் என்னோடு இருப்பாள், அதன் பிறகு இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றேன். அவன் சரி என்று தலையாட்டினான். சொல்லி முடித்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. என் மகள் என்னிடம் வளர்வாளா மாட்டாளா என்பதை அவளுடைய நெஞ்சின் மேலேயே பந்தயம் வைத்துவிட்டேன்.

எங்கள் வீடு மண்ணரையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. வாசலிலிருந்து பின்சுவர் வரை நீளமாக ஒரு ஹால், அதில் ஆறு மெஷின்கள். சமையலறையும் படுக்கை அறையும் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். என் கணவர் பெரிய கம்பெனிகளிலிருந்து வெட்டிய துணியை எடுத்துவந்து, ஆள் வைத்துத் தைத்துக் கொடுக்கிறார். ஓவர்லாக் மெஷின் தைக்கும்போதே துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டு போகும். வெட்டுகிற இடத்திலிருந்து பஞ்சு கிளம்பும். சாப்பிடும் முன் தட்டை ஒருமுறை கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் சோறு போடுவோம். கொடியில் காய்ந்த துணியை உதறிவிட்டுத்தான் மடிப்போம். இதையெல்லாம் ஏன் செய்கிறோம் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

நான் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பேட்டர்ன் போடுகிறேன். ஒரு சட்டைக்கு முன்பக்கம், முதுகு, கை, கழுத்துப்பட்டை என்று ஒவ்வொரு துண்டும் என்ன வடிவத்தில் வெட்டப்பட வேண்டும் என்பதைக் கணினியில் வரைவது என் வேலை. வரைந்ததை அகலமான காகிதத்தில் அசல் அளவிலேயே அச்சிட்டுத் தரும் பிளாட்டர் ஒன்று எங்கள் பிரிவில் இருக்கிறது.

வீட்டின் பின்புறத்தை எங்கள் பக்கத்தில் பொடக்காலி என்போம். எங்கள் பொடக்காலியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம் இருந்தன. டாக்டர் சொன்ன பிறகு மகளை அங்கேயே விளையாடச் சொன்னோம். ஐந்து வயதுக் குழந்தை வெறும் இடத்தில் எவ்வளவு நேரம் இருப்பாள்? தண்ணீர் குடிக்க வருவாள், பொம்மையைக் காட்ட வருவாள், பிறகு வந்த காரணத்தை மறந்துவிட்டு மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து வெட்டுத்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். நான் தூக்கிக்கொண்டுபோய் வெளியே விடுவேன். மறுபடி வருவாள். ஒருநாள் அவளிடமே கேட்டேன், என்ன இருந்தால் நீ வெளியே இருப்பாய் என்று.

"எனக்குன்னு ஒரு ஊடு வேணும். கதவு வெக்கோணும். நான் தொறந்தாத்தான் நீங்க வரோணும்."

"அப்பா வந்தா?"

"அப்பாவும் தட்டோணும்."

மெஷின்கள் வந்து இறங்கிய மரப்பெட்டிகள் மொட்டை மாடியில் கிடந்தன. அவற்றின் பலகைகளைப் பிரித்து, நான்கு மூலையிலும் கட்டை நட்டு, சுவர் அடித்தோம். ஒரு கதவு, இரண்டு ஜன்னல். பெரியவர்கள் குனிந்துதான் நுழைய முடியும். அவள் முதல் நாளே உள்ளே குடிபோய்விட்டாள். "செருப்பக் கழட்டிட்டு வாங்க" என்று எங்களை வாசலில் நிறுத்தினாள். அன்று சாயங்காலம் மெஷின் நிற்கிறவரை அவள் ஒருமுறைகூட உள்ளே வரவில்லை. கணவர் என்னைப் பார்த்தார். பேசினால் கெட்டுவிடும் என்பதுபோல இருந்தது.

முதல் கூரை தட்டையானது. சுவர்களின் மேல் மூங்கில்களைக் குறுக்கே பரப்பி, அதன் மேல் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். மாசி வெயிலில் உள்ளே கொதித்தது. "அம்மா, ஊடு அடுப்பாட்டம் சுடுது" என்று முகம் சிவக்க வெளியே வருவாள். வந்தவள் நேராக ஹாலுக்குள் மின்விசிறிக்குக் கீழே போய் நிற்பாள். பங்குனியில் ஒரு மத்தியானம் கோடை மழை அடித்தது. தட்டையான தார்ப்பாயில் தண்ணீர் குளம்போலத் தேங்கி, மூங்கில் வளைந்து, மொத்தமும் அவள் தலையில் இறங்கியது. அடி ஒன்றுமில்லை. முழுக்க நனைந்துவிட்டாள். சளி பிடித்தால் இழுப்பு வரும் என்பது எங்களுக்கு மனப்பாடம். அன்று முழுவதும் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"என்னம்மா கேக்குது?" என்றாள்.

"ஒன்னுமில்ல கண்ணு. சும்மா."

"எனக்குள்ள மெஷின் ஓடுதா?"

ஓடவில்லை. அந்த முறை தப்பினோம்.

அண்ணன் போனில், "தோப்புல கீத்து முடைஞ்சு கெடக்குது. ஒரு வண்டி அனுப்பறேன், நல்லா குளுகுளுன்னு இருக்கும்" என்றான். தென்னங்கீற்றிலிருந்தும் தூசி உதிரும், வேண்டாம் என்றேன். அவன் உண்மையாகவே உதவ நினைத்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவனிடமிருந்து எதை வாங்கினாலும் அவன் பக்கம் ஒரு அடி போவதுபோல எனக்குத் தோன்றியது.

இரண்டு பக்கமும் சரிந்த கூரையாக இருக்க வேண்டும், தகர ஷீட் போட வேண்டும், சுவருக்கும் கூரைக்கும் நடுவில் காற்று போக இடைவெளி விட வேண்டும் என்று தீர்மானித்தேன். சட்டகத்தை இரும்பில் செய்தால் சீக்கிரம் முடியும். வேலை முடிந்த பிறகு கம்பெனியிலேயே உட்கார்ந்து கூரையின் முக்கோணத்தைக் கணினியில் வரைந்து, அசல் அளவில் அச்செடுத்தேன். படம் படித்துப் பார்க்க வேண்டிய சிரமமே பட்டறைக்காரருக்கு இருக்காது, இரும்பைக் காகிதத்தின் மேல் வைத்து அப்படியே வெட்டிக்கொள்ளலாம் என்று எனக்கு ஒரே பெருமை.

எங்கள் தெருமுனையில் கிரில் பட்டறை வைத்திருப்பவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என்னைவிடக் கொஞ்சம் இளையவர். காகிதத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "எங்களுக்கெல்லாம் சுண்ணாம்புல தரையிலதான் வரைவாவ. நீங்க சட்டை தைக்கக் குடுத்த மாதிரி குடுத்திருக்கீய" என்று சிரித்தார். அடுத்த வாரம் ஊரில் கோயில் கொடைவிழா, அதற்குள் முடித்துவிடுகிறேன் என்றார். சொன்னபடியே முடித்து, ஒரு தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்.

சுவரின் மேல் தூக்கி வைத்தோம். ஒரு பக்கச் சுவரிலிருந்து வீட்டின் நடுவரை ஏறிப்போய் அங்கேயே நின்றது. மறுபக்கம் வானம்.

"என்னங்க தம்பி, பாதிதான் இருக்குது?" என்றேன்.

"பாதியா? நீங்க குடுத்த பேப்பரு இதானக்கா." அவர் காகிதத்தை எடுத்துச் சட்டகத்தின் மேல் விரித்தார். நூல் பிசகாமல் பொருந்தியது. "இதுல எங்கக்கா மீதிப் பாதி?"

காகிதத்தின் ஒரு ஓரத்தில், மேலிருந்து கீழாக ஒரு புள்ளிக்கோடும், அதன் இரு முனையிலும் வளைந்த அம்புக்குறியும் இருந்தன. எங்கள் தொழிலில் அதற்கு அர்த்தம், துணியை இங்கே இரண்டாக மடித்து வை என்பது. சட்டையின் முதுகுத்துண்டை யாரும் முழுதாக வரைய மாட்டோம். பாதியை வரைந்து, நடுக்கோட்டைத் துணியின் மடிப்பில் வைத்து வெட்டிப் பிரித்தால் முழு முதுகு வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்கும் எதையும் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முழுதாக வரைந்ததே இல்லை. கூரையையும் முதுகுத்துண்டாகவே வரைந்து கொடுத்துவிட்டேன்.

கணவருக்குக் கோட்டைப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். "தம்பி, எங்கூட்டம்மா இரும்பை மடிச்சுப் போட்டு வெட்டச் சொல்லியிருக்கறாங்க. நீங்க மடிக்காம உட்டுட்டீங்க."

"அண்ணாச்சி, இரும்ப மடிக்கிற மெஷினு உங்ககிட்ட இருந்தாச் சொல்லுங்க, வாரேன். நான் என்னத்தக் கண்டேன்? வீட்டுச் சொவத்தோட ஒருபக்கச் சாய்ப்பா எறக்கப் போறீயன்னுல்லா நெனச்சேன்."

"ஏனம்மா, ஷ்ரிங்கேஜ் எத்தனை பர்சண்ட் போட்டே? இரும்பைத் தொவைச்சா எத்தனை சுருங்கும்?" என்றார் கணவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் பட்டறைக்காரர் ஊருக்குப் போகிறார், கொடை முடிந்து எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. பள்ளிக்கு முழு ஆண்டு விடுமுறை தொடங்கப் போகிறது. இனி அவள் சாயங்காலம் மட்டுமல்ல, பொழுதுக்கும் வீட்டில் இருப்பாள். மகள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று மேலே பார்த்தாள். "ஊட்டுக்குத் தலையே இல்ல. நான் எப்படி இருக்கறது?" என்று சொல்லிவிட்டு ஹாலுக்குள் போனாள். அன்று அவளைத் தூக்கிவர எனக்குத் தெம்பில்லை. ஓவர்லாக் சத்தத்துக்கு நடுவில் அவள் இருமுகிறாளா என்று கேட்டுக்கொண்டே அந்தப் பாதிக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது கூரையை நாங்களே மரத்தில் செய்தோம். இரும்புப் பாதியை முருங்கை மரத்தில் சாய்த்துவைத்துவிட்டு, மரக்கடையிலிருந்து சட்டங்களை வாங்கிவந்தோம். நடுவில் நீளவாக்கில் ஓடும் முகட்டுக் கட்டை ஒன்று. அதிலிருந்து இரு பக்கமும் சுவரை நோக்கி இறங்கும் கைமரங்கள். கைமரங்களின் மேல் குறுக்கே ரீப்பர் என்னும் மெல்லிய சட்டங்கள், அவற்றின் மேல் தகரம். கேட்க எளிதாக இருக்கிறது. கைமரத்தின் மேல்முனையைச் சாய்வாக வெட்ட வேண்டும், அப்போதுதான் முகட்டோடு ஒட்டும். கீழே, சுவரின் மேல் உட்காரும் இடத்தில் ஒரு வாய் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு வெளியே போகும். இந்த முறை கைமரத்தை மட்டும் முழு அளவில் அச்செடுத்துவந்தேன். காகிதத்தைச் சட்டத்தின் மேல் வைத்து, துணிக்குக் குறிபோடும் சாக்குக்கட்டியால் கோடிழுத்தேன். கணவர் கைரம்பத்தால் அறுத்தார். முதல் கைமரத்தில் வாயை ஆழமாக வெட்டிவிட்டார். தூக்கும்போது அந்த இடத்திலேயே முறிந்தது. அடுத்ததைக் கொஞ்சம் குறைவாக வெட்டி, சுவரில் வைத்துப் பார்த்து, மறுபடி கொஞ்சம் செதுக்கி, அது உட்கார்ந்த பிறகு அதையே அளவாக வைத்து மற்றவற்றை வெட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் அவருக்கு ஒழியும். மற்ற நாட்களில் நான் அலுவலகத்திலிருந்து வந்து, வெளிச்சம் இருக்கிறவரை ரீப்பர்களை அளந்து அறுத்துவைப்பேன். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து, கம்பெனியில் மவுஸ் பிடிக்க முடியாமல் இடது கையால் வேலை செய்தேன். எங்கள் மேலாளர் கேட்டதற்கு, வீட்டில் கூரை வேலை என்றேன். "ஆள் வைக்கலாமேம்மா" என்றார். ஆள் கிடைக்கிற நாள்வரை காத்திருக்க எனக்கு நேரமில்லை என்று அவரிடம் எப்படி விளக்குவது?

முகட்டுக் கட்டையை ஏற்றிய அன்று கணவர் ஸ்டூலின் மேல் நின்று அதைத் தலையால் தாங்கிக்கொண்டார். நான் மறு ஸ்டூலில் நின்று கைமரங்களைத் திருகாணி போட்டு முடுக்கினேன். மகள் உள்ளே நின்று வேலை வாங்கினாள்.

"அப்பா, ஆடாதீங்க."

"நான் ஆடலீங்க மேடம். உங்கம்மாதான் ஆட்டறாங்க."

"அம்மா, அப்பா கழுத்து கோணிக்கிச்சு."

"கோணட்டும் கண்ணு. ஊடு நேரா இருந்தாச் சரி."

கைமரங்கள் எல்லாம் ஏறியதும், கம்பியால் அவற்றைச் சுவர்க் கட்டைகளோடு முறுக்கிக் கட்டினோம். ஆடிக் காற்றில் எங்கள் பக்கம் ஹோர்டிங்குகளே சாயும். ரீப்பர் அடித்து, தகரம் வைத்து, ரப்பர் வளையம் போட்ட ஆணிகளால் இறுக்கினோம். நான் கைமரத்தைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. வெயில் ஏறாமல் இருக்கத் தகரத்தின் மேல் வெள்ளை பெயிண்ட் அடிப்பது மட்டும் பாக்கி. சனிக்கிழமை பொழுதோடு அதையும் அடித்துமுடித்தேன். உள்ளே அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது, மெரூன் நிற ஃபிளீஸ். உள்பக்கம் பஞ்சு எழுப்பிய குளிர்காலத் துணி அது. ஏணியிலிருந்து இறங்கி நின்று பார்த்தபோது கூரை பளிச்சென்று இருந்தது. சித்திரை பிறந்துவிட்டது. இழுப்பு வரவில்லை. ஜெயித்துவிடுவேன் என்று முதல்முறையாக நினைத்தேன்.

காலையில் பல் விளக்கிக்கொண்டே பொடக்காலிக்குப் போனேன். கூரை வெள்ளையாக இல்லை. மங்கிய சிவப்பில் இருந்தது. முதலில் பெயிண்டில் ஏதோ கோளாறு என்று நினைத்து ஏணியில் ஏறினேன். தகரம் முழுவதும் மெல்லிய மெரூன் முடி முளைத்ததுபோல இருந்தது. விரலால் தேய்த்தேன். ஃபிளீஸ் பஞ்சு. ஈரப் பெயிண்டில் ஒட்டி, அப்படியே காய்ந்துபோயிருந்தது.

ஏணியில் நின்றபடியே திரும்பினேன். என் முகத்துக்கு நேராக, ஹாலின் பின்சுவரில், எக்ஸாஸ்ட் ஃபேன். மெஷின் போட்ட நாளிலிருந்து அது அங்கே இருக்கிறது. அது இல்லாவிட்டால் உள்ளே யாரும் உட்கார முடியாது. உள்ளிருக்கும் தூசியை அது வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். வெளியே என்றால் எங்கே என்று இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. நேற்றும் வழக்கம்போல வெள்ளை பனியன் துணி தைத்திருந்தால், வெள்ளைக் கூரையில் வெள்ளைப் பஞ்சு விழுந்து, எனக்கு இப்போதும் தெரியாமலே இருந்திருக்கும். தூசியிலிருந்து தள்ளி வைக்கிறேன் என்று, ஆறு மெஷினின் தூசியும் வந்து விழும் இடத்தில் அவளை உட்காரவைத்திருக்கிறேன்.

கணவரை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். அவர் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"ஃபேனை நிறுத்திரலாமுங்களா?" என்றேன்.

"நிறுத்திட்டு?"

மறுநாள் மெஷின் ஓடும்போது நிறுத்திப் பார்த்தோம். ஓவர்லாக்கில் உட்காரும் அக்கா, மதுரைப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து எங்களிடம் பல வருடமாகத் தைப்பவர், மத்தியானத்துக்கு முன்பே எழுந்து வாசலுக்குப் போய் நின்றுவிட்டார். "கோவிச்சுக்கிறாதீங்க. பிள்ளைக்காகத்தான்னு தெரியுது. ஆனா எங்களுக்கும் மூக்கு ஒண்ணுதான இருக்கு? ரெண்டா இருக்கு?" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. அவருக்கும் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். ஃபேனை மறுபடி போட்டோம்.

பிறகு நான் செய்தவை எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நினைவிருக்கின்றன, எதையும் நிதானமாகச் செய்ததாக நினைவில்லை. ஃபேனின் வெளிவாய்க்கு அளவெடுத்து, பனியன் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டு ஒரு பை தைத்து மாட்டினேன். பஞ்சு பைக்குள் சேர்ந்தது. ஒவ்வொரு நாளும் கழற்றி உதறி மறுபடி மாட்டினேன். சில நாளில் மோட்டார் சூடேறி நாற்றமடித்தது. பையைப் பெரிதாக்கினேன். விளையாட்டு வீட்டைப் பெயர்த்து வேறு மூலைக்கு மாற்றலாமா என்று அளந்து பார்த்தேன். பொடக்காலியில் வேறு மூலை இல்லை. ஃபேனுக்கு ஒரு குழாய் போட்டு மொட்டை மாடிக்கு மேலே கொண்டுபோகலாம் என்று கணவர் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அங்கேதான் அரிசியும் மிளகாயும் காயவைக்கிறார்கள், அவர்கள் வீட்டிலும் கைக்குழந்தை இருக்கிறது. அந்தப் பேச்சை அதோடு விட்டோம். கூரையைத் துடைத்து மறுபடி வெள்ளை அடித்தேன், பை வேலை செய்கிறதா என்று பார்க்க. காலையில் பெரிய பஞ்சு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. கையை வைத்து எடுத்தால் மட்டும் உள்ளங்கையில் லேசாகச் சிவப்பு மாவு இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத அந்த மாவுதான் நெஞ்சுக்குள் போகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். தெரிந்தும் பையை மாட்டிக்கொண்டிருந்தேன். கடைக்குப் போகும்போதெல்லாம் அவளைக் கூடவே கூட்டிக்கொண்டு போனேன். விடுமுறை முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

அது வைகாசியில் ஒரு சாதாரணச் சாயங்காலம். பை கிழியவில்லை, மழை இல்லை, அவளுக்குச் சளிகூட இல்லை. நான் துவைக்கிற கல்லில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே பொம்மைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். பேச்சு நின்றது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டாள். தோள்கள் மேலே ஏறி ஏறி இறங்கின. என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட மூச்சு இல்லை. அந்த உட்காரும் விதம் எனக்குத் தெரியும்.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது ஹாலுக்குள் புகுந்துதான் வாசலுக்குப் போக வேண்டியிருந்தது. என் முந்தானையால் அவள் மூக்கை மூடிக்கொண்டு ஓடினேன். ஓவர்லாக் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். கணவர் வண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்து, ஊசி போட்டு, அவளுடைய விலாவில் பள்ளம் விழுவது நிற்கிறவரை நான் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் சீரானதும் மாஸ்க்கை விலக்கி, "அம்மா, ஊட்டைப் பூட்டலை" என்றாள்.

அண்ணன் மறுநாள் காலையில் அண்ணியோடு வந்துசேர்ந்தான். அவன் எதுவும் ஞாபகப்படுத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. காப்பி வாங்கிவந்து கொடுத்துவிட்டு, "வெசனப்படாத அம்மணி. மெஷினுக்கு எடம் கெடைக்கிற வரைக்கும்தான்" என்றான்.

"நான் வேணும்னா வேலைய உட்டுட்டு அவளோட அங்க வந்துரட்டுமா?" என்றேன்.

"வந்துட்டு? மாப்பளை தனியா ஆறு மெஷினையும் ஓட்டிட்டு, சோத்துக்கு என்ன பண்ணுவாரு?"

கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இல்லீங்க மச்சான், அவ வரட்டுமுங்க. நான் பாத்துக்கறேன்" என்றார். ஆனால் என் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது, மெஷினில் வருவது அதன் கடனுக்கே சரியாகப் போகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

புறப்படும் முன் அவள் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தட்டினேன்.

"யாரு?"

"அம்மா."

"அம்மா உள்ள வரலாம். மாமா வரக்கூடாது."

குனிந்து உள்ளே போய் அவளோடு உட்கார்ந்தேன். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் விட்ட இடைவெளியில் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பொம்மைச் சாமான்களை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அழவில்லை. அழுதால் அவளும் அழுவாள், அழுதால் மூச்சு திணறும். அண்ணன் வெளியிலிருந்து, "ஏனுங்க மேடம், பஸ்ஸு போயிருமுங்க" என்று கூப்பிட்டான். அவள் சிரித்துவிட்டாள். எழுந்து போனாள்.

இப்போது ஆடி மாதம். அவள் உடுமலைப்பேட்டையில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்வருகிறேன். அங்கே போனதிலிருந்து அவளுக்கு ஒருமுறைகூட இழுப்பு வரவில்லை. நெபுலைசரை அண்ணி பீரோவில் எடுத்துவைத்துவிட்டாள். ஊத்துக்குளிச் சாலையில் ஒரு ஷெட் பார்த்திருக்கிறோம், அதற்கும் மின் இணைப்பு இன்னும் வரவில்லை. காற்று பலமாக அடிக்கிறது. கூரை அசையவில்லை, ஒழுகவில்லை. ஒழுகாத இடம் என்பதால் தைத்த மூட்டைகளை அதற்குள் வைக்கலாமா என்று கணவர் கேட்டார். வையுங்கள் என்றேன். அவள் அங்கே நன்றாக இருக்கிறாள். அதனால் அவளைத் திரும்பக் கூட்டிவருவதற்குச் சொல்ல என்னிடம் எந்தக் காரணமும் இல்லை.